புது வீட்டுக்கு கேஸ்தான் சிக்கனமா?

தமிழ்நாட்டில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு மேஸ்திரியும் சொந்தக்காரர்களும் ஒரே குரலில் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "சமையலுக்கும் வெந்நீருக்கும் கேஸ்தான் சிக்கனம். கரண்ட் அடுப்பு வைத்தால் பில் எகிறிவிடும். கரண்ட் போனால் பட்டினிதான்." இதைக் கேட்டு மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் பாயிண்ட் வைத்து, மேடைக்குக் கீழே சிலிண்டருக்கு இடம் விட்டு, பூச்சு வேலையை முடித்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டுகள் புழங்கப்போகும் சமையலறைக்கான முடிவு, ஒரு கணக்கும் போடாமல் எடுக்கப்படுகிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவையின் வெப்பத்தை மின்சாரமாக எண்ணினால் சுமார் 180 யூனிட். அதில் பாத்திரத்தில் ஏறுவது 60 முதல் 65 சதவீதம்தான். மீதி வெளியேறி அடுப்படியைப் புழுங்க வைக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறத்தாழ 85 சதவீதம் பாத்திரத்துக்கே போகிறது. ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் சுமார் 135 யூனிட் மின்சாரம் செய்துவிடும். ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர் ஆகிற குடும்பம் என்றால், இரண்டு மாத மின்கணக்கில் கூடுவது 180 யூனிட்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்ந்தபின் சென்னையில் சிலிண்டர் விலை 868.50 ரூபாயாக இருந்தது. அந்த விலையில் இரண்டு மாதத்துக்கு எரிவாயுச் செலவு ஏறக்குறைய 1,160 ரூபாய். மின்சாரத்துக்கு வருவோம். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணமே வீடுகளுக்கு 2025-லும் நீடித்தது. 2025-ன் உயர்வுச் சுமையை அரசே ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கும் வீடு இண்டக்‌ஷனுக்கு மாறினால் 430 யூனிட் ஆகும். அந்தக் கட்டணப்படி கூடுகிற 180 யூனிட்டில் 150-க்கு 4.80 ரூபாய், 30-க்கு 6.45 ரூபாய். மொத்தம் 915 ரூபாய்க்குள் அடங்குகிறது. கேஸைவிட ஏறக்குறைய 245 ரூபாய் குறைவு! உஜ்வலா மானியம் பெறும் வீடுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இதே கணக்கு ஏசி ஓடும் வீட்டில் தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே 700 யூனிட் ஓடுகிற வீட்டில் கூடுதல் 180 யூனிட்டும் 9.65, 10.70 ரூபாய் விகிதத்தில் விழும்; 1,800 ரூபாயைத் தாண்டும். அங்கே கேஸ்தான் மலிவு. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளும் யோசிக்க வேண்டும், அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் குறைகிறது. அதாவது "கரண்ட் அடுப்பு பணக்காரருக்கு, கேஸ் நடுத்தரக் குடும்பத்துக்கு" என்று ஊரில் பேசப்படுவதற்கு நேர் எதிராக இருக்கிறது நிலவரம். பெரிய வீட்டுக்காரர்களுக்கு வேறொரு வழி உண்டு: 3 கிலோவாட் மாடி சூரியத் தகடுகளுக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவுக்குத் தரும்.

மின்வெட்டு பயம் ஆதாரமில்லாதது அல்ல. 2012-ல் மாவட்டங்களில் அரை நாள் வரை கரண்ட் இல்லாமல் தவித்த நினைவும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்த நினைவும் எளிதில் போகாது. ஆனால் கேஸ் என்றும் கைகொடுக்கும் என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். அங்கே 2021 நவம்பர், டிசம்பரில் வீடுகளில் அடுத்தடுத்து கேஸ் வெடிப்புகள் நடந்தன. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் விகிதத்தை மாற்றியதுதான் காரணமா என்று நாடே விவாதித்தது. அடுத்த ஆண்டு டாலர் இல்லாமல் இறக்குமதி தடைப்பட்டபோது, மக்கள் காலி சிலிண்டரோடு தெருவில் காத்துக் கிடந்தார்கள், 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 இலங்கை ரூபாயைத் தொட்டது. அதே மாதங்களில் மின்வெட்டும் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் விறகுக்குத் திரும்பியவர்கள், ஒரே எரிபொருளை நம்பியதன் விலையைக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கும் இது தொலைவான கதை அல்ல: இங்கே எரியும் எல்பிஜியில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து கப்பலில் வருவது.

நம் சமையலுக்கு இண்டக்‌ஷன் ஒத்துவராது என்பது பாதி உண்மை. வார்ப்பிரும்பு தோசைக்கல் அதில் அருமையாகச் சூடேறும். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் எதுவும் வேலை செய்யும். அலுமினிய இட்லிக் குண்டான், பித்தளை உருளி, மண்சட்டி, ரசத்துக்கு வைத்திருக்கும் ஈயச்சொம்பு எதுவும் செய்யாது. அப்பளம் சுடவும் கத்தரிக்காய் வாட்டவும் தீ வேண்டும். பால், சோறு, பருப்பு, குழம்பு என்று அன்றாட வேலையில் பெரும்பங்கை ஒரு சாதாரண இண்டக்‌ஷன் தாங்கும். மிச்சத்துக்கு ஒரு கேஸ் பர்னர் போதும்.

கேஸ் கீசர் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே மணமூட்டி சேர்க்கிறார்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கீசர் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து, கதவை உடைத்துத் தூக்கிய சம்பவங்கள் இந்திய நகரங்களில் குளிர்காலந்தோறும் செய்தியாகின்றன. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்க அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

கரண்ட் அடுப்பின் ஆதரவாளர்களும் ஒன்றை விட்டுவிட வேண்டும்: அது இன்றைக்கே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சு. நாட்டின் சராசரி மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. 135 யூனிட்டுக்கு 95 கிலோ. ஒரு சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ அளவுக்குத்தான். சொந்த மாடியில் சூரியத் தகடு இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீடு மாறும். சமையலறைக் காற்று தூய்மையாகிறது என்பது வேறு விஷயம், அது உண்மை. கேஸ் சுடர் வெளியிடும் நைட்ரஜன் டை ஆக்சைடு இண்டக்‌ஷனில் இல்லை. ஆனால் தாளிப்புப் புகைக்கு இரண்டிலும் சிம்னி வேண்டும்.

ஆக, இரண்டு மாதத்துக்கு எவ்வளவு யூனிட் ஓடுகிறது என்பதைப் பார்த்து அடுப்பைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போகிற ஒயரை அப்படி மாற்ற முடியாது. 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் கருகும். எனவே வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, மேடையருகே தனி எம்சிபியுடன் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்த 16 ஆம்பியர் பாயிண்ட் இரண்டு, சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் இணைப்பையும் ஒன்று வைத்திருங்கள்.