வானத்தால் பார்சல் வரட்டும், முதலில் வீட்டுக்கு இலக்கம் வரட்டும்



"இனி கூரியரும் வேண்டாம், ஓட்டோவும் வேண்டாம், ட்ரோனில் பார்சல் வரும்" என்ற வீடியோ நம்மூர்க் குழுக்களில் சுற்றுகிறது. பார்த்து ரசியுங்கள். ஆனால் அதற்குக் கீழே "எங்கட நாடு எப்பவும் பின்னுக்குத்தான்" என்று எழுதுகிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

அமேசனின் ஜெஃப் பெசோஸ் 2013 டிசம்பரில் தொலைக்காட்சியில் வந்து, நாலைந்து வருடத்தில் ட்ரோன் வீடு தேடி வரும் என்றார். இன்றும் அமெரிக்காவிலேயே அது சில இடங்களில் மட்டும்தான். அவர்களுடைய ட்ரோன் தூக்குவது 2.3 கிலோ அளவுதான். நம் டவுனில் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் ஒரே நடையில் கொடுத்து முடிக்கும் பார்சல்களுக்கு அது எத்தனை தடவை போய்வர வேண்டும்? அந்தத் தம்பிகளில் பலர் எங்களிடம் படித்த பிள்ளைகள். போன் கவர் பத்து நிமிடம் முந்தி வருவதற்காக அவர்களின் உழைப்பைப் பறிப்பதா முன்னேற்றம்?

ட்ரோனே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. நம்மைப் போன்ற மலைநாடான ருவாண்டாவில் 2016 முதல் ஆஸ்பத்திரிகளுக்கு இரத்தம் ட்ரோனில் போகிறது. இறங்கக்கூடத் தேவையில்லை, சிறு பரசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். தெலங்கானாவின் விகாராபாத்தில் 2021இல் மருந்தும் தடுப்பூசியும் அனுப்பிப் பார்த்தார்கள். பாரம் குறைவு, அவசரம் அதிகம், பாதை மோசம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் ட்ரோனுக்கு வேலை.

நம் மாவட்டத்தில் அந்த இடம் டவுன் அல்ல. ரத்தோட்டைக்கு மேலே கம்மடுவ, ரிவர்ஸ்டன், அதற்கும் அப்பால் லக்கல. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்து பாதைகள் மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த மழையிலும் காற்றிலும் ட்ரோனும் பறந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மழை விட்டும் பாதை திறக்காத நாட்களில்தான் அது உதவும். இன்சுலின், பிரஷர் மாத்திரை, பாம்புக்கடி மருந்து எல்லாம் கையளவு பொதிதானே.

சட்டமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு சிவில் விமான சேவைகள் அதிகார சபை ட்ரோன் பறப்பதையே நிறுத்தி வைத்தது. அந்த நாட்களில் கல்யாண வீட்டில் ட்ரோன் விட நம் பையன்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே இது ஏதோவொரு கம்பனி தன் பாட்டுக்கு வந்து செய்கிற காரியமல்ல. அரசாங்கம் முன்னின்று, சுகாதாரத் துறைக்கு முதலிடம் கொடுத்துச் செய்ய வேண்டியது.

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி: ட்ரோன் எந்த முகவரிக்குப் போகும்? தோட்டத்து லயங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி முகவரியே இல்லை. தோட்டத்தின் பெயர்தான் எல்லோருக்கும் முகவரி. பல்கலைக்கழகக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை மலையகம் முழுக்க உண்டு. ஒரு கடிதத்தையே ஒழுங்காகச் சேர்க்காத ஊரில் வானத்தைப் பார்த்து வாய் பிளக்கச் சொல்கிறார்கள்!

பிரதேச சபை உறுப்பினர்கள் சிலரும் இதை வாசிப்பீர்கள். உங்கள் வட்டாரத்தில் எத்தனை லயத்து வீடுகளுக்கு இலக்கம் போட்டிருக்கிறது? கொமெண்டில் எழுதுங்கள்.