விருந்தோம்பலுக்குக் கணக்கேடு இல்லை

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், புனித சந்தியாகப்பரின் கல்லறையை நோக்கிச் செல்லும் பழம்பெரும் பாதை ஒன்று உண்டு. 'காமினோ' என்பர். 2023ஆம் ஆண்டில் மட்டும் 4,40,000-க்கும் மேற்பட்டோர் அதனை முடித்துச் சான்றிதழ் பெற்றனர். திரும்பி வருவோர் பலரும் ஒன்றையே வியந்து பேசுகின்றனர்: "அந்தச் சிற்றூர் மக்கள் எவ்வளவு வெள்ளை உள்ளம் படைத்தவர்கள்! முன்பின் அறியாதவர்களை வீட்டுக்குள் அழைத்துச் சோறு போடுகிறார்களே!"

இந்தப் பாராட்டை நாம் மறுக்கிறோம். பாராட்டின் உடையில் வந்தாலும் இது அம்மக்களைச் சிறுமைப்படுத்துகிறது. மல்லிகை மணப்பதுபோல் அவர்களிடம் விருந்தோம்பல் தானாக வழிகிறது என்றால், அதில் அவர்களுடைய உழைப்பு எங்கே? தியாகம் எங்கே?

வரலாறு வேறு கதை சொல்கிறது. வருவோரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 53ஆம் அதிகாரத்தில் விதித்தார். 12ஆம் நூற்றாண்டில் இப்பாதையைப் பற்றி எழுந்த 'கலிக்ஸ்தினுஸ் ஏடு', ஏழையாயினும் செல்வராயினும் திருப்பயணியை அன்போடு ஏற்கப் பணிக்கிறது. அதே ஏடு, திருப்பயணிகளை ஏமாற்றிய விடுதிக்காரர்களையும் கடுமையாகச் சாடுகிறது. ஆக, அன்றே அவ்வழியில் இரண்டு கதவுகள் இருந்தன: ஒன்று ஏற்கும் கதவு, மற்றொன்று பறிக்கும் கதவு. எதைத் திறப்பது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தெரிந்தே முடிவு செய்திருக்கிறது.

நவார் பகுதிச் சிற்றூர் ஒன்றில் திருப்பலிக்குப்பின் ஒரு மூதாட்டி நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். ரொட்டி, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த அடை, ஒரு குவளை திராட்சை இரசம். அவ்வளவுதான். பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டனர். பள்ளி மூடிக் கிடக்கிறது. பல ஊர்களைச் சுமக்கும் குருவானவர் முறைவைத்து வருகிறார். கிராமங்கள் இவ்வாறு வெறுமையாவதை எதிர்த்தே 2019 மார்ச் 31 அன்று மத்ரித் நகரில் மக்கள் பெருந்திரளாய்ப் பேரணி நடத்தினர். ஆளரவம் ஓய்ந்துவரும் ஊரில், தனித்து வாழும் முதியவர் அந்நியருக்குக் கதவு திறப்பது வெகுளித்தனமா? அது துணிவு!

லா ரியோஹாவிலுள்ள கிரான்யோன் ஊரின் பங்கு ஆலயத்தை ஒட்டி ஒரு தங்குமிடம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தரையில் பாய்மெத்தை, சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்டு, சேர்ந்தே பாத்திரம் கழுவ வேண்டும். காணிக்கைப் பெட்டி திறந்தே கிடக்கும். இயன்றவர் இடலாம், இல்லாதவர் எடுக்கவும் செய்யலாம். ஆனால் இத்தகைய இல்லங்களில் 'காணிக்கை' என்ற சொல்லை 'இலவசம்' என்று மொழிபெயர்த்துக்கொள்வோர் உளர். கையில் விலையுயர்ந்த கருவிகள். பெட்டியிலோ ஒரு காசும் விழாது. இவர்களைத் திருப்பயணிகள் என்று அழைக்க நம் நா எழவில்லை.

"அப்படியானால் கட்டணம் வைத்துவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது" என்பர் சிலர். உண்மைதான், சிக்கல் தீரும்; கூடவே விருந்தும் தீர்ந்துவிடும்! விலை கொடுத்தவன் வாடிக்கையாளன். குறை சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. விலையில்லா மேசையில் அமர்ந்தவனுக்கோ கடமை மட்டுமே உண்டு.

இன்னொரு வாதமும் நம் செவிக்கு எட்டியது. புனித சவேரியார் 1506இல் பிறந்த கோட்டை அந்த நவாரில்தான் இருக்கிறது. பாதையின் ஒரு கிளை செல்லும் சங்குவேசாவுக்கு அருகில். 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது நம் பரதவ மக்களே அவருக்கு இடமும் உணவும் தந்தனர். "அன்று நாம் கொடுத்தோம், இன்று அவர்கள் கொடுக்கிறார்கள், கணக்கு நேர்" என்றார் ஓர் அன்பர். இல்லை ஐயா! கணக்கு நேரானால் அது வணிகம். அன்று சோறிட்ட பரதவத் தாய் நவாரிடமிருந்து வட்டி எதிர்பார்க்கவில்லை. இன்று ரொட்டி பிட்ட மூதாட்டி பழங்கடன் தீர்க்கவும் இல்லை.

எனவே, அன்பர்களே, அயலூர் வாசலில் நிற்கும்போது வியந்து நிற்பதோடு அமையாதீர். பாத்திரத்தைக் கழுவுங்கள். பெட்டியில் இடுங்கள். அவ்வீட்டு முதியவரின் தனிமைக்கு ஒரு மணி நேரம் செவி கொடுங்கள். ஏற்கப்படுவதும் ஓர் அறமே. அதைக் கற்காதவர் எத்தனை காதம் நடந்தாலும் சந்தியாகப்பரின் கல்லறைக்குத்தான் போய்ச் சேர்வார். அவரிடம் போய்ச் சேரமாட்டார்.