முகத்தில் செல் துண்டு, பதிவேட்டில் தலையிடி

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் கடந்த மாதம் ஒரு கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். அதன் சொந்தக்காரியான அக்காவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கொப்பியின் பெரும்பாலான பக்கங்களில் ஆங்கிலத்தில் ‘முக வலி’ என்ற பொருளில் இரண்டு சொற்கள். அதற்குக் கீழே கார்பமசெப்பின் குளிசையின் அளவு, அடுத்த திகதி, ஒரு கையொப்பம். இவ்வளவுதான்.

எழுதப்படாதது இது: 2009 மார்ச் கடைசியில், புதுமாத்தளனில் செல் விழுந்து சிதறிய துண்டு அவருடைய இடது கன்னத்தில் ஏறியது. கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோய்க் காயத்தைத் தைத்தார்கள். துண்டை எடுக்கவில்லை. செட்டிகுளம் முகாமில் இருக்கும்போதே வலி தொடங்கிவிட்டது. “கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு. பிறகு நாள் முழுக்க எரிவு. காத்துப் பட்டாலும் வரும், சோறு சப்பினாலும் வரும்” என்றார். பல்வலி என்று நினைத்து மூன்று பற்களைப் பிடுங்கியாயிற்று. வலி போகவில்லை.

முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்வது மூன்று கிளைகளாகப் பிரியும் ஒரு நரம்பு. ட்ரைஜெமினல் நரம்பு என்பது அதன் மருத்துவப் பெயர். இந்த நரம்பில் வரும் வலி எல்லாம் ஒன்றல்ல. மூளைக்கு அருகில் ஓர் இரத்தக் குழாய் நரம்பை அழுத்துவதால் மின்னல் போல் வெட்டிவிட்டுப் போகும் வலி ஒன்று. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். காயத்தால் நரம்பு சேதமாகி, மரத்துப்போன இடத்திலேயே எரிவும் குத்தும் தொடர்வது இன்னொன்று. முதலாவதற்குக் கார்பமசெப்பின் நன்றாக வேலை செய்யும். அழுத்தும் குழாயை விலக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. இரண்டாவதற்கு அந்தச் சத்திரசிகிச்சை பொருந்தாது, மருந்தையும் பலமுறை மாற்றிப் பார்க்கவேண்டிவரும். ஆகவே கொப்பியில் எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பது வெறும் எழுத்துவேலை இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10 இல் ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவுக்கு ஜி50.0 என்ற குறியீடு இருக்கிறது. வகை சொல்லாமல் ‘முக வலி’ என்று மட்டும் எழுதினால் அது ஆர்51 இல் போய் விழும். ஆர்51 தலையிடிக்குரிய குறியீடு. மூளை நரம்புக் காயத்தின் பின்விளைவைக் குறிக்க டி90.3 உண்டு. போர் நடவடிக்கையின் பின்விளைவு என்று காரணத்தைக் காட்டுவதற்கும் தனியே ஒரு குறியீடு, வை89.1, அதே பட்டியலில் இருக்கிறது. அதை முதலில் பார்த்தபோது நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். போர் முடிந்தபின்னும் உடம்பில் தொடரும் என்பதற்கு ஜெனீவாவில் ஓர் எண் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த எண் இந்த அக்காவின் கொப்பிக்கு வந்து சேரவில்லை.

வராததற்கு முதல் காரணம் அமைப்பிலேயே உள்ளது. அரச வைத்தியசாலை விடுதிகளில் அனுமதிக்கப்பட்டவர்களின் நோய்கள்தான் ஐசிடி குறியீட்டின்படி தேசிய புள்ளிவிபரத்துக்குப் போகின்றன. வெளிநோயாளர் பிரிவுக்கும் கிளினிக்குக்கும் வருபவர்கள் தலைக்கணக்காக மட்டுமே எண்ணப்படுகிறார்கள். என்ன நோய்க்கு வந்தார்கள் என்பது கொப்பியோடு வீட்டுக்குத் திரும்பிவிடும். நரம்பு வலிக்காரர் விடுதியில் படுப்பது அரிது. வருடக்கணக்காகக் கிளினிக்குக்கே நடப்பார். ஆக, வடக்கில் முகத்திலோ காலிலோ துண்டோடு இப்படி வலியில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அரசின் எந்த அட்டவணையிலும் தேட முடியாது. 2022 நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, “வெளியில வாங்குங்கோ” என்று துண்டெழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர். எண்ணப்படாதவருக்கு மருந்து எவ்வளவு தேவை என்று எவர் கணக்குப் போடுவது?

இரண்டாவது காரணம் பயம். “எப்படிக் காயம் வந்தது எண்டு கேட்டா விழுந்தது எண்டுதான் சொல்லுவன், தங்கச்சி. செல் எண்டு சொன்னா எங்க நிண்டனீங்கள், இயக்கத்தில இருந்தனீங்களோ எண்டு கேள்வி வரும்.” இது அவர் ஒருவரின் பயம் மட்டுமல்ல. காயத்தின் காரணத்தை மாற்றிச் சொல்லும் பலரை இந்த மாவட்டத்தில் சந்தித்திருக்கிறேன். சொல்லாததை வைத்தியர் எழுத முடியாது. எழுதாததைப் பதிவு உத்தியோகத்தர் குறியீடாக்க முடியாது. மொழி புரியாத வைத்தியரும் நீண்ட வரிசையும் சேர்ந்தால், கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

இதனால் வரும் கேடுகளில் ஒன்று அபத்தமானது. கார்பமசெப்பின் வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து. ஒருமுறை வேறொரு வைத்தியசாலையில் கொப்பியைப் புரட்டியவர், “கடைசியா எப்ப வலிப்பு வந்தது?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி பக்கத்து வாங்கில் இருந்தவர்களின் காதிலும் விழுந்தது. அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசும் காலம் அது.

இன்னொன்று ஆபத்தானது. முக நரம்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது வழமை. அந்த இயந்திரத்தின் காந்தம் உடம்புக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அசைக்கக்கூடியது, கண்ணுக்கு அருகில் என்றால் பார்வையே போகலாம். விழுந்ததால் வந்த காயம் என்று எழுதியிருக்கும் கொப்பி அந்த அறை வாசலில் எவரையும் எச்சரிக்காது.

இழப்பீட்டு விடயமும் இதிலேயே சிக்கியிருக்கிறது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டது. ஆனால் இவரிடம் இருந்த ஒரே சான்று, கப்பலில் ஏற்றும்போது சட்டையில் குத்திவிட்ட காகிதம். அது முகாமில் தொலைந்தது. இழந்த காலுக்குச் சாட்சி வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். வலியை அப்படிப் பார்க்க முடியாது. அதற்குக் கொப்பிதான் சாட்சி.

2022 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 இல் நாட்பட்ட வலி தனி நோயாகவே எம்ஜி30 என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. காயத்துக்குப் பிந்திய வலிக்கும் நரம்பு வலிக்கும் அதற்குள் தனித்தனி இடங்கள். வலியின் கடுமையைக்கூடச் சேர்த்துக் குறிக்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் கிளினிக் நோயாளிகளைக் குறியீட்டுக்குள் கொண்டுவராமல் பட்டியலை மட்டும் புதுப்பித்தால் இந்தக் கொப்பியில் எதுவும் மாறாது. எந்த நரம்புக் கிளை, எப்போது எதனால் காயம், உள்ளே உலோகம் உண்டா என்று மூன்று வரி எழுத எந்தப் புதிய பட்டியலும் தேவையில்லை. அந்த மூன்று வரியை வைத்தியர் தவிர வேறெவரும் வாசிக்கமாட்டார்கள் என்ற உறுதியைச் சுகாதார அமைச்சு பகிரங்கமாகத் தரவேண்டும். புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்துபோகும் ஊரில், அந்த உறுதி இல்லாமல் “உண்மையைச் சொல்லுங்கோ அக்கா” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எம்ஆர்ஐ பற்றி மட்டும் சொன்னேன். அலுமாரிக்கு மேலிருந்து பழைய எக்ஸ்ரே ஒன்றை எடுத்துவந்தார். கன்ன எலும்புக்குக் கீழே, நகத்தளவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொப்பிக்குள் வைத்தார். “இதைக் காட்டினாப் போதுமே? வாயால சொல்லத் தேவையில்லைத்தானே?” என்று கேட்டார். அடுத்த கிளினிக் பதினெட்டாம் திகதி.