ரோமிங்: எண் இங்கே, டேட்டா அங்கே!

வியாபாரத்திற்காக வெளிநாடு செல்பவர்கள், விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறையுமா என நான்கு இணைய தளங்களில் தேடுகிறார்கள். ஓட்டல் வாடகைக்குப் பேரம் பேசுகிறார்கள். ஆனால், சட்டைப் பையில் இருக்கும் மொபைல் போன் அங்கே எவ்வளவு செலவு வைக்கும் என்பதை மட்டும், பில் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

இதற்கு வழக்கமாக இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, "ரோமிங் பேக் வாங்கிக் கொண்டு நிம்மதியாகச் செல்லுங்கள்" என்பது. மற்றொன்று, "சிம் கார்டைக் கழற்றிவிடுங்கள், ஓட்டல் வை-பி போதும்" என்பது. முதலாவது பணத்தைத் தின்னும். இரண்டாவது வேலையைக் கெடுக்கும். என் கருத்தில், உங்கள் எண்ணையும் டேட்டாவையும் தனித்தனியே பிரித்துவிடுவதுதான் சிறு வியாபாரிக்கு ஏற்ற வழி. ஏன் என்று பார்ப்போம்.

ஏன் இவ்வளவு கட்டணம்?

உங்கள் போன் வேறொரு நாட்டில் இறங்கியவுடன், அங்குள்ள ஒரு நிறுவனத்தின் டவருடன் இணைகிறது. அந்த நிறுவனம் உங்கள் நிறுவனத்திடம், "இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா?" எனக் கேட்டு உறுதி செய்து கொள்கிறது. நீங்கள் பேசியதற்கும், பயன்படுத்திய டேட்டாவிற்கும் உங்கள் நிறுவனத்திற்கு மொத்த விலையில் பில் அனுப்புகிறது. உங்கள் நிறுவனம் அதன் மேல் தன் பங்கைச் சேர்த்து உங்களிடம் வசூலிக்கிறது. இதுதான் ரோமிங்.

உங்களுக்கு வரும் அழைப்பிற்கும் ஏன் கட்டணம் என்று பலர் கேட்கிறார்கள். திருப்பூரிலிருந்து அழைப்பவருக்கு நீங்கள் ஜெர்மனியில் இருப்பது தெரியாது. அவர் உள்ளூர் அழைப்பிற்கான கட்டணத்தைத்தான் தருகிறார். அந்த அழைப்பு இங்கிருந்து ஜெர்மனி வரை செல்லும் தூரத்திற்கான கட்டணம் உங்கள் தலையில் விழுகிறது.

அப்படியானால், தூரம்தான் விலையை முடிவு செய்கிறதா? இல்லை. இரு நிறுவனங்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தமே முடிவு செய்கிறது. ஐரோப்பிய யூனியன் இதற்கு நல்ல சாட்சி. அங்கு 2007ல் முதன் முதலாக ரோமிங் அழைப்புகளுக்கு உச்ச வரம்பு கொண்டு வந்தார்கள். வரி நீங்கலாக, செய்யும் அழைப்பிற்கு நிமிடத்திற்கு 49 சென்ட், பெறும் அழைப்பிற்கு 24 சென்ட். 2017 ஜூன் 15 முதல், யூனியனுக்குள் பயணம் செய்வோருக்குக் கூடுதல் ரோமிங் கட்டணமே நீக்கப்பட்டது. நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கும் டேட்டாவின் மொத்த விலைக்கும் வரம்பு உண்டு. 2017ல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோவாக இருந்த அது, 2022ல் 2 யூரோவாகக் குறைந்தது. 2027ல் 1 யூரோவாகும். ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் குறையவில்லை. விலை மட்டும் குறைந்தது.

நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். சென்னை எண்ணுடன் பெங்களூரு சென்றால், ஒரு காலத்தில் வரும் அழைப்பிற்கும் காசு போனது. 2016, 2017ல் போட்டி வந்தவுடன் அது மறைந்துவிட்டது.

எண்ணையும் டேட்டாவையும் பிரிப்பது எப்படி?

இந்திய எண் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அந்த எண்ணிற்குத்தான் வரும். சரக்கிற்குப் பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் ஓ.டி.பி. வரவில்லை எனில், ஓட்டல் வை-பி உங்களைக் காப்பாற்றாது. எனவே சிம்மைக் கழற்றாதீர்கள். புறப்படும் முன் ரோமிங் வசதியை இயக்கச் சொல்லி, உள்வரும் எஸ்.எம்.எஸ். இலவசமா என உங்கள் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்திடுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் அந்த சிம்மிற்கு நிறுத்திவிடுங்கள்.

டேட்டாவிற்கு, செல்லும் நாட்டின் சிம் கார்டு அல்லது இ-சிம் வாங்கலாம். இ-சிம் என்பது கார்டு இல்லாமல், போனுக்குள்ளேயே பதிவாகும் சிம். வாங்கும் முன் உங்கள் போன் இதனை ஏற்குமா எனப் பாருங்கள். இதைப் பதிய இணைய இணைப்பு தேவை என்பதால் வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. இந்தியாவில் வெளிநாட்டு சிம் விற்பவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

பின்னர் போன் செட்டிங்ஸில் டேட்டாவிற்குப் புதிய சிம்மைத் தேர்ந்தெடுத்திடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால், தானாகவே மற்ற சிம்மின் டேட்டாவிற்கு மாறும் வசதி பல போன்களில் உள்ளது. இதை நிறுத்தி வைத்திடுங்கள். வாட்ஸ் அப், "எண்ணை மாற்றவா?" எனக் கேட்டால், வேண்டாம் எனச் சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது இயங்கும்.

துபாய் செல்பவர்கள் கவனிக்க: ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ் அப் வழியாகப் பேசும் வசதி தடுக்கப்பட்டுள்ளது. செய்தி அனுப்பலாம், பேச முடியாது. வாடிக்கையாளர்களுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

லேப்டாப்பை மறக்காதீர்கள்

போனின் ஹாட்ஸ்பாட் வழியாக லேப்டாப்பை இணைக்கும்போது, விண்டோஸ் அதனை வீட்டு வை-பி என்றே எண்ணிக் கொள்ளும். அப்டேட் பைல்களை இறக்கத் தொடங்கிவிடும். மூன்று நாளைக்கு வாங்கிய டேட்டா ஒரு மாலையில் தீர்ந்துபோகும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பிரிவிற்குச் சென்று, அந்த வை-பி இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்திடுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும்.

பேக் வாங்கவே கூடாதா?

அப்படியில்லை. இரண்டே நாள் பயணம், ஒரே வாரத்தில் மூன்று நாடுகள், இந்திய எண்ணிற்கு ஓயாமல் அழைப்புகள் என்றால் பேக் தரும் வசதி அதன் விலைக்குத் தகும். வாங்கும் முன், நீங்கள் செல்லும் நாடு அதில் உள்ளதா, எந்த நாட்டு நேரப்படி நாள் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். விமானம், கப்பலில் உள்ள நெட்வொர்க் சாதாரண பேக்கில் பொதுவாக அடங்காது. அங்கே ஏரோபிளேன் மோட்தான் பாதுகாப்பு.

ஐரோப்பிய யூனியன் வாடிக்கையாளர்களுக்கு 2010 முதல் ஒரு பாதுகாப்பு உண்டு. ரோமிங் டேட்டா செலவு, வரி நீங்கலாக 50 யூரோவைத் தொட்டால், அவர்கள் சம்மதம் இல்லாமல் இணைப்பு தொடராது. இப்படி ஒரு தடுப்பு எல்லா நாட்டுப் பயணிக்கும் உரிமையாகவே கிடைக்க வேண்டும். பெரிய நிறுவனத்து அதிகாரியின் ரோமிங் பில்லை அவர் அலுவலகம் கட்டும். சிறு வியாபாரி தன் லாபத்திலிருந்து கட்டுகிறார். அந்த உரிமை வரும் வரை, இரண்டு சிம் உள்ள போனும், புறப்படும் முன் செட்டிங்ஸில் செலவிடும் பத்து நிமிடமும்தான் அவருடைய தடுப்பு.