அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கலாமா?

எங்க வீட்டுச் சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்தது. "முட்டை போடாம சும்மா படுத்திருக்கு, தண்ணியில முக்குடா"ன்னு பாட்டி சொன்னாங்க. மூக்கில் இறகு குத்துவோரும் உண்டு. இது தப்பு என்பேன்.

அடைகாப்பது சோம்பல் அல்ல; புரோலாக்டின் என்னும் ஹார்மோன் செய்கிற வேலை. பண்ணை லெகார்ன் கோழிக்கு அந்தக் குணம் அநேகமாகப் போய்விட்டது. அதன் முட்டையைப் பொரிக்க இயந்திரம் வேண்டும். நம்ம நாட்டுக்கோழிக்குக் கரண்டே வேண்டாம். சேவல் சேர்ந்த முட்டையை வைத்தால் 21 நாளில் குஞ்சு!

குஞ்சு வேண்டாமா? அடியில் காற்றுப் புகும் கூண்டில், தீனி தண்ணீரோடு சில நாள் தனியாக விடுங்கள். தானாக மாறிவிடும்.

பாட்டியிடம் கெஞ்சி 9 முட்டை வைத்தேன். இன்று 12-ஆம் நாள். பௌர்ணமி கிரிவலத்துக்குக் கூட்டம் வரும்போது எங்க வீட்டிலும் ஒரு கூட்டம் சேரும்!