கீச்சுக்குரலும் கேப்பிட்டல் லெட்டரும்

குற்றாலம் மெயின் அருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "துண்டை எங்கே வச்சே?" என்று வீட்டுக்காரியிடம் கேட்டிருக்கிறீர்களா? சீஸன் சமயத்தில் கேட்டுப் பாருங்கள். எப்பேர்ப்பட்ட கட்டைக் குரலும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் குரலை உயர்த்துகிறோம். கூடவே சுருதியும் ஏறுகிறது. 1911-ல் பிரெஞ்சு டாக்டர் எத்தியேன் லொம்பார்ட் இதைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் இதற்கு 'லொம்பார்ட் விளைவு' என்றே பெயர். ஐந்தருவியில் குளிக்காமலே கண்டுபிடித்த ஆசாமி!

ஆக, மனுஷன் குரல் ஏறினால் அதற்கு ஒரு காரணம் உண்டு. கம்ப்யூட்டர் குரல் ஏறினால் மட்டும் 'ரிப்பேர்' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அருவியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வந்தால் தென்காசி. அங்கே எனக்குத் தெரிந்த ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்தாரே, பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளி, அங்கே படித்தவர். பென்ஷன், கரண்ட் பில், பேப்பர் படிப்பது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அவருக்குத் திரையைப் படித்துச் சொல்வது என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள். காசு கிடையாது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் ஆரம்பித்தார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்குமே பார்வை கிடையாது. அதனால்தானோ என்னவோ, சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் யோசித்திருக்கிறார்கள்.

அதில் ஒன்றுதான் வம்பாகிப் போனது.

பக்கத்து வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற பையன். எந்தத் தெருவிலும் ஒருத்தன் இருப்பானே, அந்த ரகம். "தாத்தா, உங்க கம்ப்யூட்டர் நடுநடுவுல கீச்சுன்னு கத்துது. நான் சரி பண்ணித் தாரேன்" என்று செட்டிங்கில் புகுந்து 30 என்று இருந்த ஓர் எண்ணை 0 ஆக்கிவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு குரல் ஒரே சீராக, கோர்ட் குமாஸ்தா தீர்ப்பு வாசிக்கிற மாதிரி ஓடியது.

அந்த 30 என்ன தெரியுமா? எழுத்து எழுத்தாகப் படிக்கும்போது, ஆங்கிலப் பெரிய எழுத்து வந்தால் மட்டும் சுருதியை 30 சதவிகிதம் உயர்த்து என்கிற கட்டளை. முழு வார்த்தையாகப் படிக்கும்போது ஏறாது. கண் உள்ளவர்களுக்கு எழுத்தின் உருவம் சொல்வதை, அவருக்குச் சுருதி சொல்கிறது.

(தமிழில் இந்தப் பெரிசு சிறிசு கிடையாது என்று பெருமைப்படலாம். ஆனால் பேரை எழுதிக்கொள்ளச் சொல்லும்போது, 'சின்ன ர-வா, பெரிய ற-வா?' என்று கேட்காத ஆள் உண்டா?)

வந்தது வினை. ஓர் அலுவலகம் அவருக்குத் தற்காலிக பாஸ்வேர்டு அனுப்பியது. எட்டு எழுத்து, சிறிசும் பெரிசும் கலந்து. அம்புக்குறி கீயைத் தட்டித் தட்டிக் கேட்டார். எல்லாம் ஒரே குரல். எது பெரிசு? டைப் செய்யும்போதாவது தெரியுமா என்றால், பாஸ்வேர்டு கட்டத்தில் எதை அடித்தாலும் 'ஸ்டார்', 'ஸ்டார்' என்றுதான் சொல்லும். சினிமா நோட்டீஸ் மாதிரி! இரண்டு தடவை போட்டுத் தப்பாகிவிட்டது. மூன்றாவதும் தப்பினால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆட்டோ பிடித்து, நேரில் போய், மனு எழுதி...

"யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லலாமே சார்?" என்றேன்.

"ஊரைக் கூட்டி வாசிச்சா அது பாஸ்வேர்டா தம்பி, தேர்த்திருவிழா நோட்டீஸுல்லா!"

இம்மாதிரி குரல் மாறினால், எப்போது மாறுகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். தனி எழுத்தில் மட்டும் ஏறினால் அது கோளாறே இல்லை. எப்போதும் ஏறியே இருக்கிறதா? இன்ஸர்ட், கன்ட்ரோல் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியில் கை பட்டிருக்கும்; வேகம், சுருதி, சத்தம் எல்லாவற்றையும் மாற்றுகிற குறுக்கு வழி அது. (லேப்டாப் அமைப்பில் ஷிஃப்டும் சேரும்.) சேமிக்காத வரைக்கும் இன்ஸர்ட், கன்ட்ரோல், ஆர் ஒரு தடவை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அவசரத்தில் மூன்று தடவை அழுத்தினால், வாங்கி வந்த அன்றைக்கு இருந்த நிலைக்கே போய்விடும், ஜாக்கிரதை! தமிழ் வரும்போது மட்டும் ஆள் மாறினாற்போல் கேட்டால், பக்கத்தின் மொழியைப் பார்த்துத் தானாக மொழி மாறுகிற வசதியின் வேலை. அதுவும் வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

கீச்சுக்குரல் பிடிக்காதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்துக்கு முன்னால் 'கேப்' என்று சொல்லவைக்கலாம். அல்லது 'பீப்' ஒலி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எது வேண்டும் என்று அதைக் கேட்டுப் பிழைக்கிறவர் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறவர் அல்ல.

சார் என்னை எதையும் தொட விடவில்லை. இன்ஸர்ட், கன்ட்ரோல், வி. பேச்சு செட்டிங் திறந்தது. டேப் கீயைத் தட்டிக்கொண்டே போய் 0-வைப் பிடித்து மறுபடி 30 ஆக்கினார். பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகக் கேட்டார். இரண்டாவது எம்மும் ஐந்தாவது டி-யும் கீச்சிட்டன. (உடனே மாற்றிவிட்டார். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) மூன்றாவது தடவை கதவு திறந்தது.

உள்ளே புது பாஸ்வேர்டு வைக்கும் பக்கம். கடைசியில் ஒரு கட்டம்: 'படத்தில் உள்ள எழுத்துக்களை டைப் செய்யவும்.' படத்தை எந்தக் குரலாலும் படிக்க முடியவில்லை. ஒலியாகக் கேட்கிற பட்டனும் வைக்கவில்லை அந்த மகானுபாவர்கள்.

"இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். "ஜி... கே... டபிள்யூ..."

"நில்லுங்க, நில்லுங்க. பெரிய எழுத்து வந்தா கொஞ்சம் கீச்சுன்னு சொல்லுங்க!"