விருந்தினர் பந்தியும் வீட்டாரின் பசியும்

‘சிநேகபூர்வ ஆட்டம்’ என்னும் தொடரில் சிநேகம் முதலில் நிற்கின்றது. ஆட்டம் அதனை அடுத்து நிற்கின்றது. பணம் என்னும் சொல் அதில் எங்கும் இல்லை. ஆயின், அயர்லாந்துக் குடியரசின் உள்ளூர் உதைபந்தாட்டத்தை உற்று நோக்குவோருக்கு, தொடரில் இடம்பெறாத அச்சொல்லே ஏனைய இரண்டையும் ஆட்டுவிப்பது புலனாகும். எக்கழகம் அழைக்கப்படுகின்றது, எது ஒதுக்கப்படுகின்றது, வாயிலில் சேரும் பணம் எங்கே செல்கின்றது என்னும் வினாக்கள் அந்நாட்டு இரசிகரிடையே ஓயாது எழுவனவாகும். அவ்வினாக்களைப் பொறாமையின் புலம்பல் எனத் தள்ளிவிடுவது எளிது. அவற்றுக்கு விடையளிப்பதே கடினம்.

அயர்லாந்தின் தேசிய லீக்கும் உதைபந்தாட்டச் சங்கமும் 1921 ஆம் ஆண்டிலே தோன்றியவை. நூறாண்டு கடந்த பின்னரும் அந்நாட்டு இரசிகருட் பெரும்பாலோரின் உள்ளம் கடலுக்கு அப்பாலேயே குடியிருக்கின்றது. இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. கிளாஸ்கோ நகரில் வறுமையுற்ற அயர்லாந்துக் குடியேறிகளின் துயர் தீர்க்க 1887 இல் நிறுவப்பட்டதே செல்ரிக் கழகம். மன்செஸ்ரர் யுனைற்றட் அணியினர் பலரைப் பலிகொண்ட 1958 ஆம் ஆண்டின் மியூனிக் விமான விபத்திலே டப்ளின் இளைஞரான லியம் வீலனும் மாண்டார். புலம்பெயர்ந்தோரின் கண்ணீரும் வியர்வையும் வளர்த்த பற்று அது. அப்பற்றினை இழிவுபடுத்துவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. ஆயின் அதனை விலைபேசி விற்பதற்கு மட்டும் எவர் உரிமை கொடுத்தார்?

சில நிகழ்ச்சிகளை நிரற்படுத்தி நோக்குதல் தகும். 2009 யூலையில் றியல் மட்ரிட் அணி டப்ளினின் தாலா அரங்கில் ஷாம்றொக் றோவேர்ஸை எதிர்த்தாடியது. கிறிஸ்ரியானோ றொனால்டோ அவ்வணிக்காக முதன்முதலில் ஆடிய ஆட்டம் அது. 2010 ஓகஸ்டில், புதிதாகக் கட்டப்பட்ட அவீவா அரங்கின் முதல் உதைபந்தாட்டப் போட்டியில் மன்செஸ்ரர் யுனைற்றட், உள்ளூர் லீக்கிலிருந்து திரட்டப்பட்ட அணியை 7-1 என வீழ்த்தியது. 2014 மே மாதத்தில் லிவர்பூல் அதே அரங்கில் ஷாம்றொக் றோவேர்ஸை 4-0 என வென்றது. பின்னர் உள்ளூர் அணி என்னும் ஒப்பனையும் தேவையற்றதாயிற்று. 2017 இல் மன்செஸ்ரர் யுனைற்றட் சம்ப்டோரியாவையும், 2018 இல் ஆர்சனல் செல்சியையும் டப்ளினிலே எதிர்கொண்டன. மண் அயர்லாந்தினது; கூட்டம் அயர்லாந்தினது; ஆட்டமோ அந்நியருக்கும் அந்நியருக்கும் இடையிலானது.

இங்கே காலம் பற்றிய ஓர் உண்மை மனங்கொளத்தக்கது. 2003 ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து லீக் வசந்தத்தில் தொடங்கிப் பின்னிலையுதிர் காலத்தில் முடிவடைகின்றது. யூலையும் ஓகஸ்டும் ஆங்கிலக் கழகங்களுக்குச் சோம்பல் முறிக்கும் பயிற்சிக் காலம். அயர்லாந்துக் கழகங்களுக்கோ சாம்பியன் பட்டமும் ஐரோப்பியத் தகுதிச் சுற்றுக்களும் ஒருங்கே நெருக்கும் போர்க்காலம். விருந்தினரின் ஒத்திகைக்காக வீட்டார் தம் அறுவடையை இடைநிறுத்துகின்றனர். ஆட்டத்தில் ஒருவர் காலொடிந்தால் அந்த இழப்பு அவரை ஊதியங் கொடுத்துப் பேணும் சிறு கழகத்துக்கே உரியதாகும்.

இனி, பாரபட்சம் என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோர் 2009 ஆம் ஆண்டையே முதலில் எடுத்துக்காட்டுவர். அப்போது நாட்டின் சாம்பியனாக இருந்தது பொஹீமியன்ஸ் கழகம். ஷாம்றொக் றோவேர்ஸ் 1994 இன் பின் லீக் பட்டம் எதனையும் கண்டதில்லை. அவ்வாறிருக்க உலகின் விலையுயர்ந்த அணி ஏன் றோவேர்ஸின் வாயிலைத் தட்டியது? இதற்கு நேர்மையான மறுமொழி உண்டு. தனது மில்ரவுண் மைதானத்தை 1987 இல் இழந்து இருபத்திரண்டு ஆண்டுகள் வீடற்று அலைந்த கழகம் அது; 2005 இல் வீழ்ச்சியின் விளிம்பிலிருந்து அதனை மீட்டவர்கள் அதன் இரசிகர்களே; தாலாவின் புதிய அரங்கோ அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. ஆகவே அத்தெரிவைச் சதி எனக் கூறுதல் முறையன்று.

எனினும் குற்றச்சாட்டின் சாரம் இதனால் அழிந்துவிடவில்லை. தாலா அரங்கு தனியார் சொத்தன்று. அது தென்டப்ளின் கவுண்டி சபைக்கு உரியது. பொதுப்பணத்தில் எழுந்த அரங்கொன்றில் நிகழும் பெருவருவாய் ஆட்டத்திலே, வருகைக் கட்டணம் எவ்வளவு, ஏற்பாட்டாளரின் பங்கு எவ்வளவு, உள்ளூர்க் கழகத்துக்கு எஞ்சியது எவ்வளவு என்பவை மக்கள் அறிய வேண்டியவை அல்லவா? தெரிவுக்கு விதியில்லை, வரவுக்கு வெளிப்படையான கணக்கில்லை. விதியற்ற இடத்தில் நியாயமான தெரிவும் சலுகையாகவே தோன்றும். பாரபட்சம் உண்மையில் நிகழ்ந்ததா என்பது ஒரு வினா. நிகழவில்லை என நிறுவுவதற்கு வழியே வைக்கப்படவில்லை என்பது அதனினும் பெரிய குற்றம்.

இந்த ஐயம் வெறும் மனப்பிராந்தி அன்று என்பதற்குச் சங்கத்தின் அண்மைக்கால வரலாறே சான்று. 2018 ஆம் ஆண்டளவில் லீக் சாம்பியனுக்கு வழங்கப்பட்ட பரிசு ஏறத்தாழ 110,000 யூரோ. அதே காலத்தில் சங்கத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி ஜோன் டிலேனி பெற்ற ஆண்டுச் சம்பளம் 360,000 யூரோ. ஓராண்டு முழுவதும் ஓடி ஆடி வென்ற கழகம் பெற்றதைப்போல் மும்மடங்குக்கு மேலானதை மேசையின் பின் அமர்ந்திருந்த ஒருவர் பெற்றார். 2017 இல் அவர் சங்கத்துக்கு 100,000 யூரோ கடன் கொடுத்திருந்தமை 2019 மார்ச்சில் அம்பலமாயிற்று. அம்மாதமே ஜோர்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தின்போது இரசிகர்கள் மைதானத்தினுள் ரென்னிஸ் பந்துகளை வீசித் தம் எதிர்ப்பைக் காட்டினர். ஆண்டு முடிவதற்குள் அவர் பதவி நீங்கினார். சங்கத்தின் பொறுப்புக்கள் 55 மில்லியன் யூரோ என வெளியாயிற்று. 2020 சனவரியில் அரசாங்கம் மீட்புநிதியுடன் வரவேண்டியதாயிற்று. உள்வீட்டுக் கணக்கையே மூடிவைத்திருந்த நிர்வாகத்தின் காலத்தில், விருந்துக் கணக்கை மட்டும் ஐயமின்றி நம்புமாறு எவரைக் கேட்பது?

இவ்வாட்டங்களை ஆதரிப்போர் கூறும் முதல் வாதம் யாதெனில், கூட்டம் வருகின்றது, ஆகவே பணம் வருகின்றது, பணம் வந்தால் அனைவருக்கும் நன்மை என்பதாகும். கூட்டம் வருவது மெய். பணம் வருவதும் மெய். மூன்றாவது கூற்றே பொய். பெரிய அணி தன் கட்டணம் பெற்றுச் செல்கின்றது. ஏற்பாட்டாளர் தம் இலாபத்தைப் பெறுகின்றார். ஒரு குடும்பம் உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டு, அடுத்த வாரம் தம் ஊர்க் கழகத்துக்குக் கொடுத்திருக்கக்கூடிய பணத்தையும் உடன்கொண்டு போகின்றது. ஏழு கோல் வாங்கிய அணியைக் கண்டு திரும்பும் சிறுவன், உள்ளூர் ஆட்டம் கேலிக்குரியது என்னும் பாடத்தையே கற்றுத் திரும்புகின்றான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் அரிது.

இரண்டாவது வாதம், குறைகூறுவோர் வாய்ப்புக் கிட்டாத கழகங்களின் ஆதரவாளர்களே என்பது. பசித்தவனே சோற்றைப் பற்றிப் பேசுவான். அதனால் பசி பொய்யாகிவிடாது. மேலும், கழகங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, ஒன்றுக்கு விருந்தும் மற்றொன்றுக்கு வயிற்றெரிச்சலும் வழங்குவது நிர்வாகத்துக்கு வசதியான ஏற்பாடாகும். சலுகையை எதிர்பார்க்கும் கழகம் கேள்வி கேட்பதில்லை. றோவேர்ஸ் இரசிகரும் பொஹீமியன்ஸ் இரசிகரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கும் வரை, இருவரும் சேர்ந்து கணக்கேட்டைக் கேட்கப்போவதில்லை.

வேறுவழி இல்லையெனக் கூறுவோருக்கு நிகழ்ச்சிகளே மறுமொழி தருகின்றன. 2019 யூலையில் செல்சி அணி, பொஹீமியன்ஸின் பழமை வாய்ந்த டலிமவுண்ட் மைதானத்துக்கே வந்தாடி 1-1 எனச் சமநிலை கண்டது. சில நாட்களில் சென் பற்றிக்ஸ் அத்லெற்றிக்கின் றிச்மண்ட் பார்க்கிலும் ஆடியது. விருந்தினர் வீட்டாரின் முற்றத்துக்கு வர இயலும் என்பதற்கு இது சான்று. அதனினும் சிறந்த சான்றுகள் பின்னர் வந்தன. 2023 நவம்பரில் பொஹீமியன்ஸும் சென் பற்றிக்ஸும் மோதிய சங்கக் கிண்ண இறுதியாட்டத்தை அவீவாவில் கண்டோர் 43,881 பேர். 2025 பெப்ரவரியில் அதே அரங்கில் பொஹீமியன்ஸ் - ஷாம்றொக் றோவேர்ஸ் லீக் ஆட்டத்தைக் கண்டோர் 33,208 பேர். அவீவாவை நிரப்ப அந்நியச் சீருடை வேண்டும் என்னும் கட்டுக்கதை அங்கே புதைக்கப்பட்டது.

இப்பிரச்சினை இன்று முன்னரினும் கூர்மை பெற்றுள்ளது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியதால், 2021 முதல் அயர்லாந்து இளைஞர் பதினெட்டு வயதுக்கு முன் ஆங்கிலக் கழகங்களிற் சேர இயலாது. முன்னர் பதினாறு வயதில் கப்பலேறியவர்களை வளர்த்தெடுக்கும் பொறுப்பு இப்போது உள்ளூர்க் கழகங்களின் தலையில் விழுந்துள்ளது. ஸ்லைகோ றோவேர்ஸிலிருந்து சீமஸ் கோல்மன் 2009 இல் எவேர்ட்டனுக்கு 60,000 பவுணுக்கு விற்கப்பட்டதை எண்ணுவோர், திறமை மலிவாக ஏற்றுமதியாகும் நாட்டில் பயிற்சிக்கூடங்களுக்கு வரும் ஒவ்வொரு யூரோவின் பெறுமதியையும் உணர்வர்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு சிநேகபூர்வ ஆட்டத்தின் வரவுசெலவும் கணக்காய்வு செய்யப்பட்டு வெளியிடப்படல் வேண்டும். உள்ளூர் அணியின் தெரிவு, லீக் நிலையோ சுழற்சி முறையோ சார்ந்த எழுதப்பட்ட விதிக்கு அமைதல் வேண்டும். வருவாயில் நிச்சயிக்கப்பட்ட பங்கொன்று எல்லாக் கழகங்களின் இளைஞர் பயிற்சிக்கும் பொதுநிதியாதல் வேண்டும். இவற்றை ஏற்பவர் சிநேகத்துக்கு நண்பர். மறுப்பவர், இத்தனை காலமும் தாம் நடத்தியது விருந்தன்று, வியாபாரமே என்பதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவராவர்.